நடுக்களத்தில் எவரை நிறுத்துவது?

சங்கத்தின் ஆண்டு மலருக்கு உதைபந்தாட்டம் பற்றி எழுதித் தருகிறேன் என்றபோது இதழாசிரியர் சற்றுத் தயங்கினார். கவிதைக்கும் வரலாற்றுக்கும் வழக்கமாக ஒதுக்கப்படும் பக்கங்களிலே பந்து வந்து விழுவதை வாசகர் எங்ஙனம் ஏற்பர் என்பது அவரது கவலை. அக்கவலையை நான் குறைகூறவில்லை. ஆயினும், சில ஆண்டுகளாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் விடயம் ஒன்றை எழுதித்தான் தீரவேண்டுமாயின், அது இதுவேயன்றி வேறன்று.

2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் க.பொ.த. உயர்தரப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காக வீட்டிற் காத்திருந்தேன். நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு உச்சத்திலிருந்த காலம் அது. எமது ஊர் வடபகுதிக் கரையோரத்திலுள்ளது. மண்ணெண்ணெய் கிடையாமையால் வள்ளங்கள் நாட்கணக்கிற் கரையிலேயே கிடந்தன. கடலுக்குச் செல்ல வழியற்ற ஆண்கள் மாலை வேளைகளில் மைதானத்து ஓரத்திலே வந்து அமர்ந்திருப்பர்; அவர்தம் பிள்ளைகளோ மைதானத்தினுள்ளே இருப்பர். எமது மைதானம் அதற்கு முன்னர் அவ்வாறு நிறைந்திருந்ததாக எனக்கு நினைவில்லை. எமது கழகத்தின் வளர்ந்தோர் அணியைப் பல்லாண்டுகளாகப் பயிற்றுவித்து வருபவரை ஊரிற் சிறியோரும் பெரியோரும் ‘அண்ணர்’ என்றே அழைப்பர். ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, பதினைஞ்சுக்குக் கீழ்ப் பெடியளை நீ பார். உனக்கும் பொழுது போகும்” என்றார். பாடசாலை அணியில் நான்கு ஆண்டுகள் நடுக்களத்தில் ஆடியவன் என்ற ஒரே தகுதியோடு பதினெட்டுச் சிறுவர்களுக்கு நான் பயிற்றுநர் ஆனேன்.

உதைபந்தாட்டத்தில் அதிகம் பழக்கமில்லாதோர்க்காக ஒரு சிறு விளக்கம். பின்களத்தில் நிற்பவனுக்கு ஆட்டம் முழுவதும் தன் முன்னே விரிந்து கிடக்கும். முன்களத்தில் நிற்பவன் பெரும்பாலும் ஒரு திசையையே, அஃதாவது எதிரணியின் கோலையே, எண்ணியிருப்பான். இவ்விரண்டுக்கும் இடையே நிற்பவனுக்கோ எத்திசையிலிருந்தும் ஆபத்து வரலாம். எத்திசையிலும் வாய்ப்புத் தோன்றலாம். பந்து தன்னிடம் வரும்போது தன் முதுகுக்குப் பின்னால் எவன் நிற்கிறான் என்பதை அவன் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

அந்த நடுக்களத்திலும் ஒருவன் ஆற்றக்கூடிய பணிகள் பலவுள. அவற்றை இலக்கங்களாற் குறிப்பது இன்றைய பயிற்றுநர் வழக்கு. 6ஆம் இலக்கத்தான் பின்களத்துக்கு முன்னே நின்று எதிரணியின் தாக்குதலை முறிப்பவன். முறித்த பந்தை முதலில் வழங்குபவனும் அவனே. 8ஆம் இலக்கத்தான் மைதானத்தின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஓயாது ஓடிப் பின்களத்தையும் முன்களத்தையும் இணைப்பவன். 10ஆம் இலக்கத்தான் எதிரணியின் நடுக்களத்துக்கும் பின்களத்துக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வெளியில் நின்று, கோலுக்கு வழிசமைக்கும் பந்தை வழங்குபவன். இவ்விலக்கங்கள் எல்லா நாடுகளிலும் ஒரே பொருளைத் தருவனவல்ல. ஆர்ஜென்டீனாவிலே நடுக்களக் காப்பாளனை ‘ஐந்து’ என்றே அழைப்பர். பழைய இரண்டு-மூன்று-ஐந்து அமைப்பில் நடுவில் நின்றவனுக்குரிய இலக்கம் அது. 1925இல் ‘ஓஃப்சைட்’ விதி மாற்றப்பட்டதன்பின் இங்கிலாந்தில் அந்த ஐந்தாம் இலக்கத்தான் பின்களத்துக்கு இறக்கப்பட்டான். ஆர்ஜென்டீனாவிலோ அவன் நடுவிலேயே நின்றுவிட்டான். மொழியியல் பயிலும் நண்பர்கள் சொற்பொருள் மாற்றத்துக்கு எடுத்துக்காட்டுத் தேடி அலையும்போது இதையும் கவனிக்கலாம்.

இவையெல்லாம் அன்று எனக்கு அரைகுறையாகவே தெரியும். நன்கு தெரிந்திருந்தாலும் எமது மைதானம் அவற்றுக்கு இடங்கொடாது. ஒரு பாதி மணல். மறு பாதி காய்ந்த புல்லும் நெருஞ்சியும். மணலிலே பந்து உருளாது. பத்து மீற்றர் தூரத்துக்கு உருட்டிக் கொடுத்தால் பாதிவழியில் நின்றுவிடும். ஆகவே பந்தைத் தூக்கி அடிப்பதே எங்கள் ஊரில் ஆட்டமாகிவிட்டது. பின்களத்தான் உயர அடிக்க, முன்களத்தான் ஓடிப் பிடிப்பான். நடுக்களத்தான் தன் தலைக்கு மேலாகப் பறக்கும் பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான். தவறி இடையில் விழும் பந்தை எவன் நெஞ்சாலும் தோளாலும் வென்றெடுக்கிறானோ அவனே நல்ல நடுக்கள வீரன் என்பது ஊரார் கணிப்பு. நானும் அக்கணிப்பில் வளர்ந்தவன்தான்.

அப்பதினெண்மருள் இருவரைப் பற்றியே இங்குச் சொல்லவேண்டியுள்ளது. ஒருவன் தை மாதத்திற் பிறந்தவன். பதினான்கு வயதிலேயே என்னளவு உயர்ந்திருந்தான், மேலுதட்டில் மீசை அரும்பியிருந்தது, குரலும் உடைந்துவிட்டிருந்தது. மற்றவன் அதே ஆண்டின் கார்த்திகையிற் பிறந்தவன். முன்னவனின் தோளுக்குக்கூட வரமாட்டான். தமையனின் பழைய சட்டையை அணிந்துகொண்டு வருவான். அது முழங்கால்வரை தொங்கும்.

பெரியவனை நடுக்களத்தின் மத்தியிலே காப்பு வீரனாக நிறுத்தினேன். சிறியவனை வலது ஓரத்துக்கு அனுப்பினேன். இதற்காக நான் ஒரு கணமும் சிந்தித்ததில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சிறியவன் என்னருகே வந்து, “அண்ணை, நான் நடுவிலை நிக்கட்டோ?” என்று கேட்டான். “உன்னை இடிச்சு விழுத்திப்போடுவாங்களடா” என்று சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்துவிட்டுத் தன் ஓரத்துக்குப் போனான்.

ஒருமுறை பெரியவன் காய்ச்சலால் வரவில்லை. பயிற்சியாட்டத்துக்கு ஆள் குறைந்தமையாற் சிறியவனை நடுவில் நிறுத்த நேர்ந்தது. பந்து அவனிடம் வருமுன் அவன் தலை ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் திரும்பியது, வீதியைக் கடக்க நிற்கும் பிள்ளை பார்ப்பதைப் போல. பந்து காலிற் பட்டபோது, இடிக்க வந்தவனுக்கு இடிப்பதற்கு அங்கே ஆளில்லை. அவன் பந்தை நிறுத்தாமலே திசைதிருப்பி விட்டு நகர்ந்திருந்தான். உருளாத மணலில் எப்படி உருட்டினாய் என்று பின்னர் கேட்டேன். “உருட்டேல்லை அண்ணை, கொஞ்சம் கிளப்பி விட்டனான்” என்றான். உண்மைதான். முழங்காலளவுக்கு மேலெழாமற் சென்ற பந்து நண்பனின் காலடியிலேயே விழுந்திருந்தது. ஓரத்தில் அமர்ந்து பீடி புகைத்துக்கொண்டிருந்த அண்ணர் எழுந்து நின்று பார்த்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்த வாரம் அணிக்கு ஒன்பது பேர் கொண்ட சுற்றுப்போட்டி. பெரியவன் காய்ச்சல் நீங்கி வந்துவிட்டான். சிறியவனை மீண்டும் ஓரத்துக்கே அனுப்பினேன். கிண்ணத்தை நாமே வென்றோம். பெரியவனைத் தோளிற் தூக்கிக்கொண்டு கோயில்வரை சென்றார்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று களைத்திருந்த ஊர் அன்றிரவு சிரித்தது. யாவற்றையும் சரியாகவே செய்துவிட்டதாக நானும் எண்ணினேன்.

பல்கலைக்கழகம் வந்தபின், பாடநூல்களுக்கு உரிய பொழுதிற் பெரும்பகுதியை உதைபந்தாட்டம் பற்றி வாசிப்பதிலே செலவிட்டேன்; விரிவுரையாளர்கள் பொறுத்தருள்வார்களாக. அவ்வாறு வாசித்தவற்றுள் என் நித்திரையைக் கெடுத்தது அந்திரேயா பிர்லோவின் வரலாறு. இத்தாலியின் பிரெஷா கழகத்திலே 10ஆம் இலக்கத்தானாக உருவானவர் அவர். 1998இல் இன்டர் மிலான் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கு அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. விரைந்தோடும் கால்கள் அவருக்கு இல்லை. 2001இன் தொடக்கத்தில் இரவலாகப் பிரெஷாவுக்கே திரும்பியபோது, அவருக்குரிய இடத்தில் ரொபேர்ட்டோ பாஜியோ நின்றார். பாஜியோவை எவர்தாம் அகற்ற முடியும்? பயிற்றுநர் கார்லோ மட்சோனே, இருபத்தொரு வயதுப் பிர்லோவைப் பின்னே இழுத்துப் பின்களத்தின் முன்னால் நிறுத்தினார். அவ்வாண்டு ஏப்ரலில் யுவென்டஸ் அணிக்கெதிராக அவர் நெடுந்தொலைவிலிருந்து தூக்கிக் கொடுத்த பந்தைப் பாஜியோ கோலாக்கினார். ஒடுங்கிய வெளியில் கிடையாத அவகாசம் பின்னே சென்றதும் பிர்லோவுக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் ஏ.சி. மிலான் கழகத்துக்குச் சென்ற அவரைப் பயிற்றுநர் கார்லோ அன்செலொட்டி அந்நிலையிலேயே ஊன்றச் செய்தார். 2006ஆம் ஆண்டு இத்தாலி உலகக் கிண்ணத்தை வென்ற இறுதியாட்டத்தின் சிறந்த வீரராகத் தெரிவானவரும் அவரே.

காப்பு நடுக்களம் இடித்து வீழ்த்துபவனின் இடம் என்று நான் கொண்டிருந்த எண்ணம் இவ்விடத்திலேதான் முதன்முதலாக ஆட்டங்கண்டது. பின்னர் தேடியவிடத்து எடுத்துக்காட்டுகள் வரிசையாக வந்தன. 1990 டிசெம்பரில் யொஹான் குறைஃப் பார்சிலோனாவின் முதலணியில் இறக்கிய பத்தொன்பது வயது பெப் குவார்டியோலா மெலிந்த இளைஞர். இடிபாட்டுக்கு ஏற்ற உடலன்று அது. அவரே 2008இற் பயிற்றுநராகி, அதே இடத்துக்கு இருபது வயதுச் சேர்கியோ புஸ்கெற்சைக் கொண்டுவந்தார். ஜேர்மனியின் பாஸ்தியன் ஷ்வைன்ஸ்டைகர் பல ஆண்டுகள் ஓரத்திலே ஓடியவர். 2009இல் பயேர்ன் மியூனிக் கழகத்துக்கு வந்த லூயி வான் ஹாலே அவரை மத்திக்கு மாற்றினார். 2014இல் உலகக் கிண்ணத்தை வென்ற ஜேர்மன் அணியின் நடுக்களத்தில் அவர் நின்றார். பிரான்சின் என்கோலோ கான்டே ஏறக்குறைய ஐந்தரை அடி உயரமே உடையவர். பெரிய கழகங்கள் கண்டுகொள்ளாத நிலையிற் பாரிஸ் அருகே சுரேன் என்ற சிறுகழகத்திலே பத்தொன்பது வயதுவரை ஆடியவர்; 2018இல் உலகக் கிண்ணம் வென்ற அணியின் காப்பு வீரர் அவரே.

இக்கதைகள் ஊக்கந் தருவன. எனினும் அவற்றை வாசிக்குந்தோறும் எனக்குள்ளே ஓர் அச்சமும் எழுவதுண்டு. பாஜியோ அன்று பிரெஷாவில் இல்லாதிருந்தால் பிர்லோ பின்னே சென்றிருப்பாரா? ஒரு தற்செயல் அவரைக் காத்தது. தற்செயல் வாய்க்காத பிள்ளைகளின் பெயரை எந்த நூலும் குறிப்பதில்லை.

வேறு இரு விடயங்களையும் அக்காலத்திலேயே அறிந்தேன். நோர்வே நாட்டு ஆய்வாளர் கெயர் யோர்டெட், பந்து வருமுன் வீரர் தலையைத் திருப்பிச் சுற்றும் பார்க்கும் பழக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். இங்கிலாந்தின் முதற்தர அணிகளிலே அடிக்கடி அவ்வாறு பார்ப்போர், முன்னோக்கிக் கொடுக்கும் பந்துகளைக் கூடுதலாகச் சரிவரச் சேர்ப்பிக்கின்றனர் என்பது அவர் கண்டது. மற்றையது பிறந்த மாதம் பற்றியது. வயதெல்லை கணிக்கப்படும் நாளை அடுத்துப் பிறந்த பிள்ளைகள், இளையோர் அணிகளிலே அளவுக்கு மிஞ்சி இடம்பெறுவதை ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஒரே வயதுப் பிரிவிற் பத்துப் பதினொரு மாத வேறுபாடு இருக்கலாம். அதன்மேல், பையன்கள் திடீரென உயரும் பருவம் ஒருவனுக்குப் பன்னிரண்டிலும் மற்றொருவனுக்குப் பதினைந்திலும் வாய்க்கும். முந்தி வளர்ந்தவனைத் திறமைசாலி என்றும் பிந்தி வளர்பவனைப் பலவீனன் என்றும் பயிற்றுநர் எழுதிவிடுகிறார். தை மாதத்துப் பையனையும் கார்த்திகை மாதத்துப் பையனையும் நான் நிறுத்திய இடங்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சிறியவனுக்கே அநீதி இழைத்தேன் என்று இதுவரை வாசித்தோர் கருதலாம். நானும் முதலில் அவ்வாறே கருதினேன். ஆனால் அவனுக்குப் பெரிய கேடு ஒன்றும் நேரவில்லை. நான் பல்கலைக்கழகம் சென்றபின் அண்ணர் அவனைப் பதினேழு வயதுக்குட்பட்டோர் அணியின் மத்திக்கு மாற்றினார். ஓரத்தில் நின்ற காலத்திலே கோட்டுக்கும் எதிரிக்கும் இடையிலே தப்பிக்கப் பழகியிருந்தமை அவனுக்கு உதவிற்று. இன்று அவன் 8ஆம் இலக்கத்தானாக ஆடுகிறான், நன்றாகவே ஆடுகிறான்.

நான் கெடுத்தது பெரியவனை. பதினான்கு வயதில் அவன் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை எழவில்லை. பின்னால் எவன் வந்தாலும் அவன் உடம்பிலே மோதி விழுந்தான். பார்க்காமலே வெல்லக்கூடிய ஒருவனுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டியது பயிற்றுநரின் கடமை. நானோ அவன் இடிக்குந்தோறும் கைதட்டினேன். ஈராண்டிற் பிறர் அவனளவுக்கு வளர்ந்துவிட்டனர். சிலர் அவனையும் மிஞ்சினர். ஒரு விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது அவனது ஆட்டத்தைப் பார்த்தேன். பந்தை வாங்கித் திரும்புவான், திரும்பிய திசையில் எதிரி நிற்பான், பந்து போய்விடும். ஒரே ஆட்டத்தில் ஐந்து முறை அவ்வாறு நிகழ்ந்தது. ஓரத்திலிருந்து எவரோ, “உவனுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டார். அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பது எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அவன் பதினான்கு வயதில் ஆடியபடியே ஆடிக்கொண்டிருந்தான். சில மாதங்களில் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

அன்று சிறியவனை நடுவிலும் பெரியவனைச் சிலகாலம் ஓரத்திலோ முன்களத்திலோ நிறுத்திப் பார்த்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? கிண்ணம் ஒன்று குறைந்திருக்கும். அக்கிண்ணம் இப்போது கழகக் கட்டடத்தின் அலுமாரியிலே, கைபிடி ஒன்று கழன்ற நிலையில் இருக்கிறது.

சென்ற விடுமுறையில் மீண்டும் பதினைந்து வயதுக்குட்பட்டோரைப் பொறுப்பேற்றேன். மைதானத்தின் மணலற்ற பாதியிற் கோடு கீறி, அணிக்கு நால்வராகப் பிரித்து விளையாடச் செய்தேன். சிறிய களத்தில் நால்வர் ஆடும்போது பந்து எவனுக்கும் அடிக்கடி வரும். தலைக்கு மேலே அடித்துத் தப்பவும் முடியாது. முழு ஆட்டங்களில் ஒருவன் ஒரு வாரம் பின்னே, மறுவாரம் மத்தியில், அடுத்த வாரம் முன்னே என மூன்று பணிகளையும் செய்தாக வேண்டும். பந்து கொடுக்கும்போது நான் அவன் முதுகுப்புறமாக நின்று விரல்களைக் காட்டுவேன். பந்து காலைச் சேருமுன் அவன் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று கத்த வேண்டும். முதல்நாள் எல்லோரும் பிழையாகவே கத்தினார்கள். இரண்டாம் வாரத்தில் என் விரல்கள் போதவில்லை. ஓர் அப்பியாசக் கொப்பியில் ஒவ்வொருவனைப் பற்றியும் குறித்து வந்தேன்: எவன் பந்து வருமுன் பார்க்கிறான், எவன் பந்தை இழந்ததும் முதலில் ஓடுகிறான், எவனுக்கு நெருக்கத்தில் நின்றால் முகம் மலர்கிறது. இறுதியிற் குறிப்பிட்டது அளவைக்கு உட்படாததாயினும் எனக்கு மிகுந்த பயன்தந்தது. உயரத்தை மட்டும் குறிக்கவில்லை.

இம்முறைக்கு விலையுமுண்டு. சுற்றுப்போட்டி ஒன்றின் முதலாட்டத்திலேயே நான்கு கோல்களால் தோற்றோம். அன்று காப்பு வீரனாக நின்றவன் முந்திய வாரம்வரை முன்களத்தில் ஆடியவன். தகப்பன்மார் சிலர் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அண்ணரும் மகிழவில்லை. “நீ படிச்சனி, தோத்தாலும் பரவாயில்லை எண்டு சொல்லுவாய். பெடியள் இண்டைக்கு வீட்டை போய்ச் சாப்பிடமாட்டாங்கள்” என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் விடையிருக்கவில்லை. தோல்வியால் மனமுடைந்து விளையாட்டையே விட்டுவிடும் பிள்ளையும் இருக்கக்கூடும். அவனையும் நான் கணக்கில் எடுக்கவேண்டும்.

விடுமுறை முடியச் சில நாட்கள் இருக்கையில், பெரியவன் மைதானத்து வேலியிற் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது அவனுக்குப் பதினேழு வயது. பல நாட்களாக அவனைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தேன். பின்கள மத்தியில் நின்றால் ஆட்டம் அவன் முன்னேயே விரியும். முதுகுப் பக்கத்தில் அவனது கோல் காப்பாளனைத் தவிர அதிகம் பேர் இருக்கமாட்டார். நடுக்களக் காப்பாளராகப் புகழ்பெற்ற ஹவியர் மஸ்கெரானோ 2010இல் பார்சிலோனா சென்றபின் பின்கள வீரராகவே ஆடிப் பல கிண்ணங்களை வென்றார். இதை அவனுக்குச் சொல்ல வேண்டுமென நினைத்திருந்தேன். அருகே சென்றபோது, “உன்னை நான் பிழையான இடத்திலை விட்டுட்டன்” என்பது மட்டுமே வந்தது. அவன் நிலத்தைப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றி வேலியோரம் வைத்துவிட்டு, “எங்கை நிக்க?” என்று கேட்டான்.

“இண்டைக்குப் பின்னுக்கு நில். நாளைக்கு மாத்திப் பாப்பம்.”

மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாள் வரவில்லை. தகப்பனோடு கடலுக்குப் போய்விட்டதாகச் சிறியவன் சொன்னான்.